லட்டு இறங்காத மெடிக்கல் ரெப்

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் தங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அசிடிட்டி மருந்து விற்ற மெடிக்கல் ரெப். "ஒரு மூடி குடிச்சா நெஞ்செரிச்சல் போயே போச்சு டாக்டர்" என்று டை கட்டிக்கொண்டு ஒப்பிப்பேன். வெளியே வந்ததும் சாம்பிள் பாட்டிலைத் திறந்து நானே இரண்டு மூடி குடிப்பேன். எனக்கு அப்படியொரு எரிச்சல்.

பிறகு எரிச்சல் குறைந்தது. மருந்தின் மகிமை என்று பூரித்துப்போனேன். ஆனால் புரோட்டா நெஞ்சுக்கு நடுவில் நிற்க ஆரம்பித்தது, அப்புறம் சோறும். எனக்கு நோய் என்று தோன்றினால்தானே! மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்ததால் மெஸ் சாப்பாடு. மெஸ்காரர் மேல் பாய்ந்தேன்.

"என்னய்யா சோறு இது, வேகவே இல்ல?"

"அம்புட்டு பேரும் வழிச்சுச் சாப்பிட்டுப் போறாவ. ஒமக்கு மட்டும் எறங்கலைன்னா நான் என்னய்யா செய்ய?"

மெஸ்ஸை மாற்றினேன். அங்கேயும் சோறு வேகவில்லை. பேண்ட் இடுப்பில் நிற்காமல் போனபோது பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டர். அவர் மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்த அன்று போய்ச் சேர்ந்தேன். லட்டு கொடுத்தார். டாக்டர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் ரெப் உலகத்திலேயே கிடையாது. மென்றுகொண்டே ஒப்பிக்கத் தொடங்கினேன். பாதியில் லட்டு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. கண்ணில் தண்ணீர் கொட்ட வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"சும்மா, பொரை ஏறிடுச்சு டாக்டர்."

"பொரை ஏறுனா இருமுவீங்க. ஒங்களுக்கு அடைக்குது. வெளிய போய் டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க."

டையோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த அம்மா, "ஏய்யா, மருந்து விக்கிற ஒமக்கே சீக்கா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

என் முறை வந்தது. "ஆசிட் மேல வந்து வந்து புண்ணாகி, அந்தத் தழும்புல உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம். கேன்சராவும் இருக்கலாம். மதுரைக்குப் போய் வாய் வழியா டியூப் விட்டுப் பாத்துருங்க" என்றார் டாக்டர்.

மதுரை பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிள்ளை முகத்தைப் பார்ப்பேனா என்பதே நினைப்பு.

கேன்சர் இல்லை, தழும்புதான். சில தடவை வரச்சொல்லி, சுருங்கிய இடத்தை விரித்துவிட்டார்கள். எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன இடத்தில் மாமியார் வைத்த இட்லி நிற்காமல் இறங்கியது.

திரும்பவும் வேலைக்கு வந்ததும், கம்பெனி சொல்லித்தராத வரி ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். "சாப்பாடு நெஞ்சுல நிக்குதுன்னு சொல்றவங்களுக்கு இந்த மருந்தை மட்டும் எழுதி அனுப்பிறாதீங்க டாக்டர். முதல்ல டியூப் விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

கூட வந்த மேனேஜர் வெளியே இழுத்து வந்தார். "யோவ், நீ கம்பெனி ஆளா, இல்ல டாக்டரா?"

"ரெண்டும் இல்ல சார். பேஷண்ட்."