கை வைத்தால் எழும் துணி

தான் தைத்த சட்டையைப் போட்ட ஒரு ஆளைத் தங்கவேலு இதுவரை பார்த்ததில்லை. அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக சாம்பிள் டெய்லர். அவர் கை பட்டதெல்லாம் பெட்டிக்குள் போய்க் கப்பலேறிவிடும். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொரு முதுகாகப் பார்ப்பார், நம் தையல் ஒன்றாவது நடந்து போகாதா என்று. "ஊரான் முதுக அப்படி மொறச்சுப் பாக்காதீங்க, அடிக்க வந்துருவாங்க" என்பாள் மனைவி.

2008-இல் தேவிப்பிரியா வந்தாள். டிசைன் படிக்கிற பெண். ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்குத் துணி தைக்க வேண்டுமாம். அதில் நாற்பது மடல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரப்பர்ப் பை. யாராவது கை வைத்தால் பைக்குள் காற்று ஏறி, மடல் எழுந்து அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொள்ளும். மற்ற டெய்லர்கள் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். தங்கவேலுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் மடல் பூசணிக்காயாக உப்பியது. ஒரு பக்கம் நீளுகிற ரிப் துணியும் மறுபக்கம் நீளாத நாடாவும் வைத்துத் தைத்து, வாயால் ஊதினார். விரல் போல மடங்கியது. ஆனால் ஊதியது அவர் வாய்தானே? ஒரு கைக்காக அது தானாக எழுந்து வருவதை அவர் பார்த்தாக வேண்டும்.

கை படுவதை உணர்வது, மடலில் ஓடிய ஸ்டீல் கலந்த நூல். காற்றை ஏற்றும் மின்பெட்டியோடு இணைக்க, அதன் நுனி மடலுக்கு ஒன்றாகக் கீழே தொங்கியது. சனிக்கிழமை மூன்று மணிக்குச் சோதனை, ஐந்துக்குப் பார்சல் வண்டி. தங்கவேலு அன்றைக்குத் தீபாவளிச் சட்டையில் வந்தார்.

எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது ஆயம்மாள் கண்ணில் அந்தத் துணி பட்டது. பிசிர் வெட்டுவது அவள் வேலை. தொங்குகிற நூலைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. நாற்பதையும் ஒட்ட வெட்டிவிட்டாள்.

"பிசிருன்னு நெனச்சுப்போட்டனுங்கண்ணா" என்று முகம் வெளுத்து நின்றாள். வாய்க்கு வந்தபடி திட்டிவிடத்தான் தங்கவேலுவுக்குத் தோன்றியது. துணியைத் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு சுத்தம்.

"வெட்டறதுன்னா உன்னையாட்ட வெட்டோணும்" என்றார்.

தேவிப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முடிஞ்ச வரைக்கும் தெச்சுட்டு, ஒருக்கா சோதிச்சுப் பாத்துரலாங்களாண்ணா?"

சோதனைக்கு அரைமணி போகும். அந்த அரைமணியில் ஏழெட்டு மடல் தைக்கலாம்.

"பாக்கறதுக்கு எனக்கு ஆசைதான் அம்மிணி. ஆனா அங்க ஒருத்தர் கை வெச்சு மடல் சும்மா கெடந்துச்சுன்னா?"

ஆயம்மாள் தையலைப் பிரித்துக் கொடுக்க, அவர் புது நூல் கோத்துத் தைத்தார். நாற்பதாவது மடல் முடியும்போது வண்டி ஹாரன் அடித்தது. அவரே மடித்துப் பெட்டியில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து அவருடைய செல்போனில் தேவிப்பிரியா கூப்பிட்டாள். "அண்ணா, நாப்பதும் எந்திரிக்குதுங்க! ஜனங்க வரிசைல நின்னு தொடறாங்க!"

தங்கவேலு மிஷின் சத்தத்தை விட்டுப் படிக்கட்டுக்கு ஓடிவந்தார். "எப்படி எந்திரிக்குது அம்மிணி? மெதுவாவா, வெடுக்குன்னா?"

"இருங்க, போனைக் கிட்ட வெக்கறேன். இப்ப ஒரு அம்மா கை வெக்கறாங்க."

காற்று சீறியது. பிறகு யாரோ ஒரு பெண் சிரித்தாள். அவ்வளவுதான். அவர் தையல் ஒரு மனுஷியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவரோ அருள்புரத்துப் படிக்கட்டில் நிற்கிறார்.

"தெரியுதுங்களாண்ணா?" போனில் சத்தம்தான் வரும், எதுவும் தெரியாது என்பதே சந்தோஷத்தில் அவளுக்கு மறந்துவிட்டது.

"தெரியுது அம்மிணி. நல்லாத் தெரியுது" என்றார் தங்கவேலு.