அத்தையின் வாய்க்கு வைத்தியம்

என் அத்தை, அதாவது அப்பாவின் ஒரே தங்கை, கல்யாணமான கொஞ்ச நாளிலேயே வாய் நாற்றத்தோடு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சித்தூர்ப் பக்கமெல்லாம் கொச்சி மகாராஜாவின் சீமையாக இருந்த காலம் அது. எனக்கு ஏழு வயது இருக்கலாம். மீனாட்சிபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்ட அவள் மாமியார், எங்கள் நல்லேப்பிள்ளி ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

"வாய்க்குள்ள எலி செத்துக் கெடக்குதாட்ட நாறுதுங்க. என்ற பையன் கிட்டயே போக மாட்டேங்கறான். ஆடி முடியறதுக்குள்ள சரி பண்ணி வையுங்க. இல்லீன்னா அவனுக்கு வேற பொண்ணு பாத்துக்குவோம்."

அப்பா ஆடிப்போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சமையலைவிட வைத்தியம்தான் அதிகம் நடந்தது. விடிந்ததும் கருவேலம்பட்டைத் தூளால் பல் விளக்க வேண்டும். பிறகு கொய்யாக் கொழுந்தை மென்று துப்ப வேண்டும். சோறு தின்றால் ஏலக்காய், படுக்கப் போனால் கிராம்பு. இவ்வளவுக்கும் நடுவே அம்மா புதினாவைக் கொதிக்க வைத்துக் கொப்பளிக்கக் கொடுப்பாள். பலன் தெரிந்ததா என்று பார்க்கும் உத்தியோகம் எனக்கு. அத்தை 'ஹா' என்று ஊதுவாள். நான் மோந்து பார்த்துச் சொல்வேன். கூலியாக ஓர் ஏலக்காய் கிடைக்கும் என்பதால் ஒரு நாளும் வேலையிலிருந்து பின்வாங்கியதில்லை.

சில நாட்களிலேயே அத்தையின் வாய் கல்யாண வீடு மாதிரி மணந்தது. அம்மா பூரித்துப் போனாள். அத்தை மட்டும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அவள் முதுகில் வரிவரியாகத் தழும்புகளைப் பார்த்து அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். அத்தை குனிந்த தலையோடு, "தெனமும் அடிக்கறாருங்க அண்ணா" என்றாள்.

அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "கட்டுனவன் கை நீட்டறது எங்கதான் இல்ல? பொறுத்துப் போ அம்மிணி" என்றார்.

அத்தையைக் கூட்டிப்போக வரும்படி மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வந்து இறங்கியபோது நான் கொல்லைப்புறம் ஓடி, அத்தையைத் தேடினேன். வேலியோரம் குந்தியிருந்தாள். வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து இலைகளைக் கைநிறையப் பறித்து வாயில் திணித்து மென்றுகொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது பீநாறிக்கொடி. பெயரே சொல்லிவிடும், கசக்கினால் ஊரே மூக்கைப் பொத்தும். ஆடுகூட வாய் வைக்காது. ஏலக்காயும் கிராம்புமாகத் தேற்றி வைத்த வாய்!

"அத்தே, கொய்யா அந்தப் பக்கமுங்க! இது பீநாறி!" என்று கத்தினேன்.

பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். வீட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நீ ஒண்ணும் பாக்கல. என்ற கண்ணல்ல" என்றாள். அந்த நாற்றத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அதைவிட, பெரியவள் ஒருத்தி என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்பது பயங்கரமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

கூடத்தில் மாமாவுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். முகத்துக்கு நேரே குனிந்து, "வாங்க, சௌக்கியமுங்களா?" என்று கேட்டாள். மாமா சொம்பைச் சுவரில் வீசியடித்தார்.

"த்தூ! இந்தப் பொணத்த நீங்களே வெச்சுக்கங்க!"

வண்டி அப்படியே திரும்பிப் போயிற்று. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அத்தை குந்தி உட்கார்ந்து சிந்திய மோரைத் துடைத்தாள். அடி வாங்கிய தங்கையைத் திருப்பி அனுப்பத் துணிந்த அண்ணன், வாய் நாறும் தங்கையை எங்கே அனுப்புவார்? அதன் பிறகு அவள் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு ஒரு வைத்தியமும் தேவைப்படவில்லை.

தை மாதத்தில் மாமா வேறு கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த ஆடிக்குள், எண்ணெய் விற்க வந்தவர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். புதுப்பெண்ணைக் கிணற்றிலிருந்து எடுத்தார்களாம். தண்ணீர் சேந்தும்போது தவறி விழுந்துவிட்டாள் என்று வீட்டார் சொன்னார்களாம்.

அம்மிக்கல்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்த அத்தை, கதவு நிலையில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை.

"அந்தப் புள்ளைக்கு நான் சொல்லியிருக்கோணும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முகம் பார்த்திராத ஒருத்திக்காக இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று அம்மாவுக்கு ஆச்சரியம். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அந்த வீட்டில் கொஞ்ச நாள் இருந்தவள் அத்தை. கிணறு ரொம்ப ஆழம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.