கட்டை போடாத சக்கரம்

தேர் உருளும்போது மாட வீதியில் கூட்டம் முழுக்க மேலே சாமியைப் பார்க்கும். ஆதிமூலம் சக்கரத்தை மட்டும் பார்ப்பான். ஓடும் தேரை நிறுத்தச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிற வேலை அவன் அப்பாவுக்குப் பின் அவனுக்கு வந்தது. ஊர் அவனை நம்பியது. அவனும் தன்னைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே நம்பினான்.

வேங்கிக்காலில் அவனுடைய காணி நிலம் முழுக்க வேலிக்காத்தான் முள்மரம் மண்டிக் கிடந்தது. வெட்டினால் ஒரே மழையில் துளிர்க்கும்; வேரோடு வந்தால்தான் ஒழியும். புல்டோசர் வாடகையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். நின்றுபோன தேரைப் பின்னாலிருந்து நெம்புவார்களே, அந்த மரம் ஞாபகத்துக்கு வந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணியில், பழைய மாட்டுவண்டியின் சக்கரங்களை அச்சோடு எடுத்து, மேலே நீளமான பனந்துண்டு ஒன்றைக் கட்டினான். அச்சுக்கு முன்னால் மூக்கு குட்டை, பின்னால் வால் நீளம். மூக்கில் லாரிச் சங்கிலி. அதை அடிமரத்தில் சுற்றி, வாலைக் கயிறு போட்டு நாலு பேர் கீழே இழுத்தால் வேர் மேலே வர வேண்டும்.

கொக்கிகளைப் பற்றவைத்துக் கொடுத்த செங்கம் ரோட்டுப் பட்டறைக்காரர் பக்ருதீன் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"வேர் வரலேன்னா மாட்டைப் பூட்டிக் கல்யாண ஊர்வலத்துக்கு வுட்டுடலாம்ணே."

வேர் வந்தது. முதல் நாளே கிணற்றோரம் வெறுமையாயிற்று. மறுநாள் வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. அன்றைக்கு எடுத்த மரம் சரிவில் நின்றது. சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி ரேணுகாம்பாள் நிமிர்ந்தாள்.

"இன்னாங்க, சக்கரத்துக்குக் கட்டை போடுங்க. இங்க இறக்கமா கீது."

"தேருக்கே கட்டை போடறவனுக்கு நீ சொல்லித் தர்றியா?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்திருந்தது. கட்டை போடவில்லை.

பாதி வேர் வெளியே வந்து, மீதி பட்டென்று அறுந்தது. வண்டி இறக்கத்தில் உருண்டு ரேணுகாம்பாளின் வலது கணுக்கால்மேல் ஏறி நின்றது. எப்படி ஆச்சு என்று யாரோ கத்தினார்கள்.

"அவதான் குறுக்க வந்துட்டா" என்றான் ஆதிமூலம். வலியிலும் அது அவள் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை. அவன்தான் மலச்சட்டி வைத்தான், கொட்டினான், கழுவினான். முதுகில் புண் வராமல் அவளைப் புரட்டிப் படுக்கவைத்தான். தெருக் குழாயடியில் அவள் புடவையைத் துவைத்தபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வெட்கம் சீக்கிரம் பழகிவிட்டது. பழகாதது வேறு. பார்க்க வருகிறவர்கள், "ஏம்மா, பாத்து நிக்கக் கூடாதா?" என்று அவளைக் கேட்பார்கள். அவள் வாயைத் திறக்கமாட்டாள். அவன் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவான்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் கோணலாகக் கூடியிருந்தது. கார்த்திகைத் தேர் நெருங்கியது. கட்டை போடுகிறவர்களுக்குத் தலைவரான இராமலிங்கம் வீட்டுக்கு வந்தார்.

"பெரிய தேருக்கு வந்துடுடா. உன்ன வுட்டா அந்தச் சக்கரத்துக்கு ஆள் இல்ல." பிறகு ரேணுகாம்பாள் பக்கம் திரும்பினார். "நீயும் வண்டிகிட்ட பாத்து நிக்கணும்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள். அன்றைக்கு அவனால் உள்ளே போக முடியவில்லை.

"அவ பாத்துதான் நின்னாண்ணே. கட்டை போடச் சொன்னா. நாலு பேர் சிரிச்சாங்கன்னு நான்தான் போடல. அப்புறம் பொய்யும் சொன்னேன்."

இராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்பிடின்னா இந்த வருசம் நீ வராத. அந்தச் சக்கரத்துக்கு முன்னாடி எத்தினி பேர் வடம் புடிக்கிறாங்க."

ஆதிமூலம் தலையைத் தூக்கவில்லை. அவர் போனதும் ரேணுகாம்பாள் ஊன்றிக்கொள்ளத் தடியைத் தேடி எடுத்தாள்.

"முள்ளு பாதி அப்பிடியே கீது. வெக்கப்பட்டுக்கினு குந்தினுருந்தா தானா போயிடுமா?"

தேரன்று ஊரே மாட வீதியில் இருந்தது. நிலத்தில் கயிறு இழுக்கப் பக்ருதீன் பட்டறை ஆட்களோடு வந்தார்.

"இன்னாண்ணே, தேருக்குப் போவலியா?"

ஆதிமூலம் காரணத்தைச் சொன்னான். இரண்டாம் முறை சொல்வதும் சுலபமாக இல்லை. பக்ருதீன் கேலி எதுவும் செய்யாமல் கயிற்றைக் கையில் எடுத்தார்.

ஆதிமூலம் இரண்டு சக்கரத்துக்கும் கட்டை வைத்துவிட்டு, வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான்.

"வலப்பக்கம் சரியா ஒக்காரல" என்றாள்.

அவன் குனிந்து கட்டையை உருவி, மண்ணைச் சுரண்டி, மறுபடி அடித்தான்.

"இப்போ?"

"இப்போ இழுங்க."