செட்டிபாளையத்துப் பாராட்டு விழாவும் நான் பிடித்துக்கொடுத்த கொடுவாவும்

போன மாதம் நான் முகநூலில் போட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். இடுப்பளவு தண்ணீரில், ஈரப் பொன்னாடையில் சுற்றிய பெரிய கொடுவா மீனை ஏந்தியபடி வயதான ஒருவர் நிற்கிறார். பக்கத்தில் நான். எங்கள் ஊர் விழாவிலும் இப்படி மீன்விடும் நிகழ்ச்சி ஒன்று வைக்கலாமா, எப்படி ஒழுங்கு செய்தீர்கள் என்று சிலர் விவரம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் படத்தில் இருக்கிற மீனுக்கு உயிர் இல்லை. அது தெரிந்தும்தான் படத்தைப் போட்டேன்.

கொழும்பில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிற ஒரு சின்னக் கழகத்துக்கு நான் செயலாளர். மீனைப் பிடிப்போம், படம் எடுப்போம், திருப்பி விட்டுவிடுவோம். வீட்டில் கேலி செய்வார்கள், அது வேறு கதை. இந்தப் பழக்கத்தை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் செட்டிபாளையத்து நல்லரெட்ணம் சேர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தூண்டிலில் அகப்படுகிற மீனைத் திருப்பி விடுவதைப் பைத்தியக்கார வேலை என்று ஊரே சிரித்த காலத்தில், கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டு மீன் பிடித்தவர். பெரிய கொடுவா எல்லாம் பெட்டைதான், அதைக் கொன்றால் அடுத்த தலைமுறையையே கொன்ற மாதிரி என்று, வெளியூரிலிருந்து வருகிற எங்களைப் போன்றவர்களிடம் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். அழிந்துபோன கரையில் கண்டல் என்கிற அலையாத்திக் கன்றுகளையும் நட்டு வளர்த்திருக்கிறார். எங்கள் கழகமும் அந்த ஊர்ச் சங்கமும் சேர்ந்து அவருக்குச் சேவைநலன் பாராட்டு விழா எடுப்பதென்று முடிவானது. ஒக்டோபர் தொடக்கம், மாரி மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு மணி தாண்டிப் புறப்படுகிற ரயிலில் போனேன். மட்டக்களப்புக்குப் போய்ச்சேரப் பின்னேரம் மூன்றாகிவிட்டது. இரண்டாம் வகுப்பில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள், ஜன்னல் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். அங்கிருந்து செட்டிபாளையம் தெற்கே இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. கல்முனை போகிற எந்த பஸ்ஸிலும் ஏறலாம், ஏறக்குறைய நூறு ரூபாய்தான் வரும். என்னிடம் தூண்டில், பெட்டி, கழகத்தின் நினைவுச் சின்னம் என்று சாமான் அதிகம் என்பதால் நஸீரைக் கூப்பிட்டிருந்தேன். நஸீருக்குக் காத்தான்குடி. ஆட்டோவும் ஓட்டுவார், தூண்டில்காரரை ஏற்றிப்போக கடல்நீர் கலக்கிற மட்டக்களப்பு வாவியில் ஒரு சின்ன பைபர் படகும் வைத்திருக்கிறார். காத்தான்குடியில் நடுவீதிப் பேரீச்சை மரங்களைத் தாண்டியதும் ஒரு கடையில் நிறுத்தி இஞ்சி போட்டுப் பிளேன்டி, பால் சேர்க்காத தேநீர், வாங்கித் தந்தார். ஆரையம்பதி தாண்டும்போது என் திட்டத்தை அவரிடம் சொன்னேன்.

திட்டம் இதுதான். விழாவன்று விடியற்காலையில் ஒரு பெரிய கொடுவாவைப் பிடித்து உயிரோடு தொட்டியில் வைப்பது. மேடையில் பாராட்டெல்லாம் முடிந்ததும், சேர் தன் கையால் அதை வாவியில் விடுவது. வாழ்நாள் முழுக்க மீனை விடச் சொன்னவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை உண்டா என்று எனக்கு ஒரே பூரிப்பு. நிகழ்ச்சி நிரலில் "சிறப்பு நிகழ்வு" என்று மட்டும் போடச் சொல்லியிருந்தேன்.

நஸீர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "கூட்டம் எத்தின மணிக்கு?"

"பத்து மணிக்கு. பதினொன்றரைக்கு மீனை விட்டுவிடலாம்."

"பத்து மணியெண்டு கடதாசியில போட்டிரிக்கி. மனிசர் எத்தின மணிக்கு வருவாங்க?"

நான் சிரித்தேன். பற்றரியில் ஓடுகிற காற்றுக் குழாய் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டுப் பேச்சை விட்டார்.

அன்று மாலை சேரின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இருந்து தூண்டில் சுருளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். விழாவைப் பற்றிப் பேச்செடுத்தபோது ஒரு விஷயத்தை வெளிப்படையாகவே சொன்னார்.

"பொன்னாடை எனக்கு என்னத்துக்கு? வீட்டில ஏழெட்டுக் கிடக்கு. நான் ஓமெண்டது ஒண்டுக்காகத்தான். பிரதம அதிதியா வாற ஆள் எனக்கு முன்னால பத்து நிமிசம் எழும்பாம இருப்பார். மழை துவங்கி, வெள்ளம் கடலுக்கு ஓட முகத்துவாரத்து மணல்திட்ட வெட்டினா பெரிய கொடுவா எல்லாம் அங்க வந்து முட்டும், முட்டை போட. அந்த நேரம் பாத்துத்தான் நம்மட தூண்டில்காரரும் வந்து நிக்கிறாங்க. அந்த ரெண்டு மாசம் மட்டும் முகத்துவாரத்த தூண்டில்காரருக்கு மூடித்தாங்க எண்டு சபையில வெச்சுக் கேக்கப்போறன். நாலு பேருக்கு முன்னால கேட்டா அவரால தட்ட ஏலாது."

இதற்கு முன் அலுவலகங்களுக்குப் போய் வந்ததையும் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் பிளேன்டி தந்து அனுப்பிவிட்டார்களாம். நாளைக்கு வரப்போகிறவர் அப்படி உத்தரவு போடும் அதிகாரம் உள்ளவர், அடுத்த மாதம் மாற்றலாகிப் போகிறவர். ஆக, ஏற்புரைதான் சேருக்கு விழா. மற்றதெல்லாம் அலங்காரம்.

"சிறப்பு நிகழ்வெண்டு ஒண்டு போட்டிருக்கே, அது என்ன?" என்று கேட்டார். அது நாளைக்குத் தெரியும் சேர் என்றேன். அப்போதே சொல்லியிருந்தால் அவர் வேண்டாம் என்றிருப்பார். அந்தச் சந்தேகம் எனக்கு உள்ளூர இருந்ததால்தான் சொல்லவில்லை.

மறுநாள் விடியும்போது படகில் இருந்தோம். புத்தகத்தில்தான் வாவி, இங்கே எல்லோருக்கும் அது ஆறு. கண்டல் ஓரமாக மெதுவாகப் போனோம். நான் இரப்பர் மீனை வேர்களுக்குப் பக்கத்தில் போட்டு இழுத்தேன். சூரியன் ஏறிச் சிறிது நேரத்தில் தடி வளைந்தது. கொடுவாதான், ஆறு கிலோவுக்குக் குறையாது. இரண்டு தரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு துள்ளியது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை. வலையில் எடுத்து, படகுத் தொட்டியில் போட்டு, கரைக்கு வந்து கரையோரத்து விழாப் பந்தலில் இருந்த பெரிய தொட்டிக்கு மாற்றும்போது மணி ஏழரை. மீன் நன்றாகத்தான் நின்றது.

ஊர்ச் சங்கத்துப் பெண்கள் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சுற்றிவரக் கலர்க் கடதாசி ஒட்டிச் சோடித்தார்கள், தண்ணீரில் பூவிதழும் தூவினார்கள். தொட்டியை மேடைக்கு முன்னால், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தோம். அங்கே வெயில் விழும் என்பதை நான் யோசிக்கவில்லை.

பத்து மணி ஆனது. பிரதம அதிதி வழியில் வருகிறார் என்றார்கள். பதினொன்றானது, களுவாஞ்சிகுடியில் இன்னொரு கூட்டத்தில் நிற்கிறார் என்றார்கள். பதினொன்றே முக்காலுக்கு வாகனம் வந்தது. மாலை, மங்கள விளக்கு, மௌன இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை. அதற்குப் பிறகு வாழ்த்துரைகள். நம் ஊர்க் கூட்டங்களில் ஒருவரைப் பேச அழைத்து மற்றவரை விட்டுவிட முடியாது, மனஸ்தாபம் வந்துவிடும். ஐந்து பேர் பேசினார்கள். நானும் பேசினேன். என் பேச்சைச் சுருக்கவும் இல்லை.

மேடையில் மூன்றாவது கதிரையில் இருந்த எனக்குத் தொட்டி நேரே தெரிந்தது. சேர் அதைக் கண்டது மேடையேறிய பிறகுதான். கண்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். பொன்னாடை போர்த்தி முடிந்து பிரதம அதிதி பேசத் தொடங்கும்போது காற்றுக் குழாயின் குமிழிகள் நின்றிருந்தன. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. எழும்பிப் போய்த் தூக்கு என்று மனசு சொன்னது. அதிதி பேசிக்கொண்டிருக்கையில் மேடையை விட்டு இறங்குவது மரியாதையில்லையே என்று இன்னொரு பக்கம் தடுத்தது. இன்னும் இரண்டு நிமிடம், இன்னும் இரண்டு நிமிடம் என்று இருந்தேன். அவர் நீர்வளத்தைக் காப்பது பற்றித்தான் பேசினார், நன்றாகவும் பேசினார். மீன் பக்கவாட்டில் சரிந்தது. நான் கதிரையில்தான் இருந்தேன்.

சேர் எழும்பினார். "மன்னிக்கணும்" என்று அதிதியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தோளில் இருந்த பொன்னாடையை எடுத்துத் தொட்டியில் நனைத்து, மீனை அதில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார். ஈரத் துணியில் பிடித்தால் மீனின் வழுவழுப்புப் போகாது, அதுவும் அவர் எங்களுக்குச் சொல்லித் தந்ததுதான்.

சனம் கை தட்டியது. அறிவிப்பாளர் இதுதான் சிறப்பு நிகழ்வு என்று நினைத்துவிட்டார். "இதோ, பிடித்த மீனை மீண்டும் வாவித்தாயின் மடியில் விடுகிறார்" என்று ஒலிபெருக்கியில் உருகினார். படம் எடுப்பவர்கள் கரைக்கு ஓடினார்கள். நானும் சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கினேன்.

சேர் மீனைத் தண்ணீருக்குள் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார். "செவுளுக்குள்ள விரல வெச்சுப் பாருங்க" என்றார் மெதுவாக. வைத்துப் பார்த்தேன். அசைவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தேன்.

"உயிர் போயிட்டு சேர்."

அவர் மீனை வெளியே எடுக்கவில்லை. "இப்பிடியே நில்லுங்க. இப்ப தூக்கினா எல்லாருக்கும் விளங்கிடும். அந்தப் புள்ளையள் விடிய வெள்ளன வந்து பூப்போட்டதுகள்."

கரையில் கைதட்டல் ஓயவில்லை. பிரதம அதிதி வந்து கரையில் நின்று, அருமையான நிகழ்ச்சி, இப்படி ஒன்றை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று கையசைத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கூட்டம் இருந்திருக்கும். வாகனம் பின்னால் எடுத்துத் திரும்பியது. சேர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப் போய், ஏற்புரை இன்னும் நடக்கவில்லை, ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். கரை பத்து எட்டுக்கூட இருக்காது. நான் போகவில்லை. தண்ணீருக்குள் நிற்கும்வரை யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நின்றேன். வெட்கம் என்றால் அதுதான், மீன் செத்தது அதற்கு அடுத்தது.

சனம் சாப்பாட்டுக்குப் போன பிறகு மீனை எடுத்துக் கரையேறினோம். நஸீர் வந்து பார்த்தார். சேர் அவரிடம், "குசினியில குடுங்க, சமைக்கட்டும். விடச் சொல்லுறது உயிரோட இரிக்கிற மீன. செத்தத எறிஞ்சா அது வேற பாவம்" என்றார்.

சாப்பாடு வாழையிலையில். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சொதி, பொரியல். கடைசியில் சமையலுக்கு நின்ற அக்கா ஒரு சின்னத் தட்டோடு வந்தார். "கொழும்பில இருந்து வந்த ஆளுக்கெண்டு தனியா எடுத்து வெச்சன்" என்று என் இலையில் வைத்தார். சினைப் பொரியல். மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்டு மொறுமொறுவென்று பொரித்த, அந்தக் கொடுவாவின் சினை.

எதிரே சேர் இருந்தார். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்கா நான் வாயில் வைப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிடுங்க" என்றார் சேர். "அவ ஆசையா செஞ்சது."

சாப்பிட்டேன். நல்ல ருசி. இன்னும் கொஞ்சம் வைக்கட்டா என்று அக்கா கேட்டார், போதும் என்றேன்.

பின்னேரம் பஸ் தரிப்பிடத்துக்குச் சேரும் கூட வந்தார். அதிதிக்குக் கடிதமாக எழுதி அனுப்பலாமே என்று நான் ஏதோ சொன்னேன். எழுதாமலா இருந்தேன் என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அடுத்த ஆள் வரட்டும், மறுகா துவங்குவம்" என்றார். பஸ் வந்ததும் என் தூண்டில் தடிகளை அவர்தான் தூக்கித் தந்தார்.

கொழும்புக்கு வந்த இரவு கழகத்தில் படம் கேட்டார்கள். அனுப்பினேன். முகநூலிலும் போட்டேன். மற்றது உங்களுக்குத் தெரியும்.

இனி விவரம் கேட்டவர்களுக்கு. மட்டக்களப்பில் தூண்டில் போட மாரிக்கு முந்திய மாதங்கள் நல்லது. படகு ஒரு காலைப்பொழுதுக்கு என்ன கேட்பார்கள் என்பதை முதல்நாளே பேசிக்கொள்ளுங்கள், எரிபொருள் விலையைப் பொறுத்து மாறும். எதிர்முள் இல்லாத கொக்கி, ஈரத் துணி, குறடு மூன்றும் கையோடு இருக்கட்டும். பிடித்த மீனைப் பிடித்த இடத்திலேயே, படகை விட்டு இறங்காமல் விட்டுவிடுங்கள். படம் வராவிட்டால் போகட்டும். உயிருள்ள எதையும் நிகழ்ச்சி நிரலில் போடாதீர்கள். நம் கூட்டங்கள் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று நமக்கே தெரியும்.

மழை தொடங்கி முகத்துவாரம் வெட்டியதிலிருந்து இரண்டு மாதம் அந்தப் பக்கம் தூண்டிலோடு போகாதீர்கள். பெரிய கொடுவாக்கள் முட்டையிட அங்கே வரும். எங்கள் கழகத்து வருடாந்தப் போட்டியும் அதே இடத்தில், அதே மாதங்களில்தான் நடக்கும். இந்த முறை அதை நிறுத்தச் சொல்லப்போகிறேன், நிறுத்துவார்களா என்று தெரியாது. இதுதான் நல்லரெட்ணம் சேரின் ஏற்புரை. உத்தரவு போடக்கூடிய ஒருவருக்கு முன்னால் பேசுவதற்காக அவர் வைத்திருந்தது. இப்போது அதைக் கேட்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.