சின்ன ர போட்ட பேய்

பல் செட் செய்கிறவருக்குத் தாடைகளிடம் பயம் கிடையாது. காலையில் வேலைக்கு வந்தால் மேசை மேல் அச்சு மாவில் வார்த்த இருபது முப்பது தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஒன்றை எடுத்து, மெழுகை உருக்கி ஊற்றி, பற்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டே பாட்டு முணுமுணுப்பார். ஆனால் பையில் இருக்கும் பேய்க்கதைப் புத்தகத்தின் அட்டையைப் பார்க்கத் துணிச்சல் கிடையாது. நூலகத்தில் எடுத்த கையோடு செய்தித்தாளில் சுற்றிவிடுவார்.

"இத்தனை சிரிப்போட குடும்பம் நடத்துறீங்க, ஒரு காகிதத்துக்குப் போய் இப்படியாண்ணே?" என்பார் பக்கத்து மேசையில் பாலிஷ் போடுகிறவர்.

"இதுங்க வாயத் தொறந்துக்கிட்டுச் சும்மா கிடக்குதுங்க. அது பேசுதேப்பா."

புத்தகம் அக்காவுக்கு. அக்கா நாலாவது மாடியில் இருக்கிறாள், லிஃப்ட் இல்லாத கட்டடம். தையல் ஆலையில் நூற்றிருபது பேரைக் கண்ணசைவில் மேய்த்த மேற்பார்வையாளர். மூன்று வருடம் முன்பு ஆலைப் படியில் விழுந்ததில் இடுப்பு போயிற்று, முதுகு நரம்பும் போயிற்று. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, நாற்காலியிலிருந்து சன்னல். மகள் காலை எட்டுக்கு வேலைக்குப் போனால் மாலை ஏழுக்குத்தான் வருவாள். நடுவில் கிடக்கும் பதினோரு மணி நேரத்தை அக்கா பேய்களை வைத்து ஓட்டினாள்.

"மத்த கதையில எல்லாம் யாராவது எங்கயாவது கிளம்பிப் போய்க்கிட்டே இருக்காங்கடா. பேய்க்கதையிலதான் ஆளுங்க வீட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டுக் கிடக்கிறாங்க" என்று ஒரு நாள் சொன்னாள்.

இரண்டு வருடத்தில் நூலகத்துப் பேய்கள் தீர்ந்தன. பிறகு புத்தகங்கள் பாதியில் திரும்பின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றிய செய்தித்தாளைக்கூடப் பிரிக்காமல் நீட்டினாள்.

"போதும்டா. இனிமே கொண்டாராதே."

"ஏன்க்கா?"

"எல்லாம் ஒரே அச்சு. பதினோராம் பக்கத்துல கதவு தட்டும், இருபதாம் பக்கத்துல விளக்கு அணையும். எனக்கே அலுக்குதே, அந்தப் பேய்க்கு அலுக்காதா?"

புத்தகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சன்னலைத் திறக்கட்டுமா என்றால் எதுக்கு என்றாள். தலை வாரிவிடட்டுமா என்று மகள் கேட்டால் எதுக்கு. டாக்டரைக் கூப்பிடலாமா, எதுக்கு. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள். பேய்க்குப் பயந்தவர் இப்போது அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பயந்தார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை அவளே ஃபோன் செய்தாள்.

"டேய், ஃபோன்ல ஒரு பேச்சு கேட்டேன். பேய்க்கதையை சொந்தமா எழுதி சொந்தமா அச்சடிக்கிறவங்களாம். அதுல ஒரு புத்தகம், 'அறை மனிதர்கள்'னு. பேரைக் கேட்டதுமே முதுகுல என்னமோ ஊர்ந்துச்சு. எழுதினது யாருன்னு சொல்றதுக்குள்ள சிக்னல் போயிடுச்சு. கிடைக்குமா பாரேன்."

எதுக்கு இல்லை, பாரேன். அவர் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கடை கடையாக ஏறினார். கடைசிக் கடையில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்.

"பதிப்பகம் எது?"

"தெரியலீங்க."

"எழுதினது?"

"அதுவும் தெரியலீங்க."

"அப்ப என்னதான் தெரியும்?"

"அக்காவுக்கு வேணும்ங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மாதிரி புத்தகமெல்லாம் கடைக்கு வராது சார். அம்பது காப்பி போடுவாங்க, சொந்தக்காரங்களுக்கே பத்தாது. அவங்களுக்குன்னு ஃபோன்ல ஒரு குழு இருக்கு. சேர்த்து விடறேன், அதுல கேளுங்க."

குழுவில் எழுதியபோதுதான் வினை. அவருடைய எழுத்தில் ஒரே ஒரு ரதான் உண்டு. படிக்கிற காலத்தில் அக்கா எத்தனை முறை தலையில் குட்டியும் பெரிய ற உள்ளே போகவில்லை. 'அரை மனிதர்கள் புத்தகம் வேண்டும். படிப்பவர் வீட்டை விட்டு வர முடியாதவர்' என்று எழுதி அனுப்பினார். ஒன்பது நாள் சத்தமில்லை. பத்தாம் நாள் பதில் வந்தது: 'என் புத்தகம்தான். நாலு பிரதி மிச்சம் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.'

எழுதியவள் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். பின்வாசலில் ஆவியும் சோப்பு நெடியும் அடித்தன. கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜெராக்ஸ் எடுத்து நடுவில் பின் அடித்த புத்தகம். புதிதாய்த் துவைத்த தலையணை உறைக்குள் போட்டுக் கொடுத்தாள்.

"நீங்களும் படிப்பீங்களா சார்?"

"ஐயையோ, நானா? அக்காவுக்குத்தாம்மா."

"தனியா இருக்கிறப்ப படிக்க வேணாம்னு சொல்லுங்க."

"அக்கா எப்பவும் தனியாத்தாம்மா இருக்கா."

அவள் ஒரு சீட்டில் தன் ஃபோன் எண்ணை எழுதி உறையின் மேல் குத்தி வைத்தாள்.

அக்கா உறையிலிருந்து புத்தகத்தை உருவினாள். முகம் விழுந்துவிட்டது.

"மடையா. இது சின்ன ர."

"என்னக்கா?"

"நான் கேட்டது அறைடா. ரூம். நீ பாதி ஆளைப் பிடிச்சுக் கொண்டாந்திருக்கே."

அவருக்குக் காது சுட்டது. ஐம்பத்திரண்டு வயதில் குட்டு வாங்கியது போல நின்றார். "மாத்திக் கொண்டாரேன்க்கா."

"எங்க போய் மாத்துவே. வெச்சுட்டுப் போ."

மறுநாள் காலை பதினொன்றுக்கு ஃபோன் வந்தது. அவர் கையில் யாருடைய கீழ்த் தாடையோ இருந்தது.

"இந்தப் பேய்க்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லடா."

"அக்கா, வேணாம். நான் இன்னும் சாப்பிடல."

"கேளுடா. மாடி ஏற முடியல அதுக்கு. கையை ஊனி ஊனி ஒவ்வொரு படியா வருது. மூணாவது மாடிக்கு வந்துடுச்சு. நான் கதவைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே படிக்கிறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா எழுதினவளுக்கு ஒரு விஷயம் தெரியல. உள்ளங்கை தேஞ்சு போச்சுங்கறா. கையை ஊனி நகர்றவங்களுக்கு முதல்ல தேயறது முழங்கைடி அம்மா. அவ நம்பர் எங்க எழுதியிருக்கு?"

"உறை மேலக்கா. ஞாயித்துக்கிழமை நான் வந்ததும் பேசலாம்."

ஞாயிறு மதியம் ஃபோனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டார். அக்கா முழங்கையில் ஆரம்பித்தாள். சட்டைக் கையை ஏற்றிவிட்டு, அந்தப் பக்கம் தெரியாது என்பதையும் மறந்து, காய்ப்பைக் காட்டினாள். அங்கே பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"அடுத்த தடவை அடிக்கிறப்ப மாத்திடறேன்க்கா."

"மாத்து. இன்னொண்ணு. நான் தேடினது உன் புத்தகம் இல்ல. பெரிய ற போட்ட அறை. புதன்கிழமை பேச்சுல சொன்னாங்களே, அவங்க யாருன்னு தெரியுமா?"

"அன்னிக்குப் பேசினது நான்தாங்க்கா. சின்ன ரதான். வேற புத்தகமே கிடையாதே."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி மின்விசிறியைப் பார்த்தார். அவருடைய ர முதல் முறையாகச் சரியாக விழுந்திருக்கிறது; சிரித்தால் குட்டு நிச்சயம்.

"அப்ப அந்த அறையில இருக்கிறவங்க?" என்றாள் அக்கா.

"யாருக்கா?"

"மூணு வாரமா நினைச்சுக்கிட்டே இருந்தேனே. அறையில ஒரு நாற்காலி. ராத்திரி விட்ட இடத்துல காலையில இருக்காது. ஒரு விரக்கடை நகர்ந்திருக்கும், கதவுப் பக்கமா. அதுல உக்கார்ந்திருக்கிறவ நகர்த்தல."

அந்தப் பக்கம் பேனா நின்றுவிட்டது. "அக்கா, கை சிலிர்க்குது. அப்புறம்?"

"எனக்கென்ன தெரியும்? புத்தகம் கிடைச்சாத்தானே?"

"புத்தகம்தான் இல்லைன்னு சொல்லிட்டேனே. நீங்கதான் சொல்லணும். நான் எழுதிக்கிறேன்."

அக்கா ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, நாற்காலிச் சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளி வெளிச்சத்துக்கு வந்தாள்.

"சரி, எழுதிக்கோ. அவ சாக்பீஸால தரையில ஒரு கோடு போட்டு வைக்கிறா..."

"நான் கிளம்பறேன்க்கா" என்றார் பல் செட் செய்கிறவர்.

அவள் காதில் விழவில்லை. அவர் இரண்டாம் முறை சொல்லவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.