திரும்பி வந்தவர்களின் சுவர்

திருவெறும்பூரில் குத்தகைப் பொட்டலில் ஒரே ஒரு பழைய லேத்தோடு தொடங்கி, நாற்பது பேர் வேலை பார்க்கும் பட்டறையாக ஆக்கியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மயிரிழை பிசகாமல் பெரிய ஆலைக்கு உதிரிபாகம் கொடுத்தேன். என் மூன்று மகள்களையும் படிக்கவைத்தேன். ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டினேன். ஊர்வம்பு வேண்டாம் என்று சொந்தக்காரர் அத்தனை பேரும் தடுத்தும், புருஷனிடம் அடிபட்டு வருகிற பெண்களுக்காகக் கொள்ளிடக் கரைப் பக்கம் எட்டு அறையில் ஓர் இல்லம் கட்டினேன். என் அக்காவை அவள் புருஷன் அம்மிக் குழவியால் அடித்துக் கொன்றபோது எனக்குப் பதினோரு வயது. இல்லம் எதற்கென்று கேட்பவருக்கு அது போதும்.

பல் உடைந்து வருவார்கள். கொதிக்கிற ரசம் கொட்டிய முதுகோடு வருவார்கள். காயம் ஆறியதும் புருஷனை வரவழைத்து, இருவரையும் சமயபுரத்துக்கு நானே கூட்டிப்போவேன். இனிமேல் கைநீட்ட மாட்டேன் என்று அவன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வான். மாரியம்மன் வாசலில் பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் துணிச்சல் வராது என்று நம்பினேன். ஆண்டறிக்கையில் ‘சேர்த்துவைத்த குடும்பங்கள்’ என்று ஒரு பக்கம் உண்டு. அந்த எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறும். மேடையில் அதை நான்தான் படிப்பேன், கை தட்டுவார்கள்.

ஓர் ஆடி மாதக் காலையில் தொட்டியத்துப் பெண் ஒருத்தி வாசலில் வந்து விழுந்தாள். இடது கையை முந்தானையில் சுற்றியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் இரண்டு விரல் இல்லை. வாழைத்தார் வெட்டுகிற அரிவாள்.

“நீங்க சொன்னீங்கன்னுதான் போனேங்கய்யா. சூடம் அணைச்ச கையாலதான் வெட்டினான்.”

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, இல்லத்தின் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். சமூகப்பணி படித்த பெண்.

“இவ நம்ம அறிக்கையில எங்க இருக்கா?”

“சேர்த்துவச்ச குடும்பத்துல இருக்காங்கய்யா. போன வருஷம்.” தாளைப் புரட்டினாள். “அதுக்கு முந்தின வருஷமும் அதுலதான்.”

ஒரே பெண், இரண்டு வெற்றி.

என் பட்டறையில் வாசல் தாண்டிப் போகிற சரக்கை நான் பெரிதாக எண்ணுவதில்லை. பழுதென்று ஆலைக்காரன் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் திருப்பி அனுப்புவதைத்தான் எண்ணுவேன். தொழில் நிமிர்ந்தது அதனால்தான். இரும்புக்குப் பார்த்த கணக்கைப் பெண்களுக்குப் பார்க்கத் தவறிவிட்டேன்.

மறுநாளே தகரத்தில் வட்ட வில்லைகள் வெட்டி, பெயர் போடாமல் எண் மட்டும் குத்தி, அனுப்பிவைத்த ஒவ்வொருத்திக்கும் ஒன்றாகச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். பொறுப்பாளர் எல்லாருக்கும் போன் போட்டாள். எடுக்காத வீட்டுக்கு நேரில் போனாள். மறுபடி அடிபட்டவளின் வில்லைக்குச் சிவப்பு. சுவரில் பாதிக்கு மேல் சிவந்துவிட்டது. ஒரு வில்லையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் மாலை போட்ட படம்தான் இருந்ததாம்.

“இதுக்கும் சிவப்புதானாய்யா?”

வாங்கி நானே பூசினேன்.

சிவப்பு எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் போடச் சொன்னேன். இல்லத்துக் கமிட்டியில் ஒருவர், “இதை அச்சுல போட்டா அசிங்கங்க. சேர்த்துவைக்கிற இல்லம்னுதான் நமக்குப் பேரு,” என்றார்.

“பேரு நமக்கு. விரல் யாருக்குப் போச்சுங்க?” என்றேன். அவர் காபியைக் குடித்தார்.

அத்தோடு சூடத்தை நிறுத்தினேன். அடுத்த வாரம், உச்சி வெயிலில், விரல் போனவளின் புருஷன், அந்தத் தொட்டியத்துக்காரன், கடப்பாரையோடு வந்து கேட்டை இடித்தான்.

“பெரியவரே, ரெண்டு தடவை நீங்கதானே சேர்த்துவச்சீங்க? சூடத்தைக் கொண்டாங்க, மூணாந்தரமும் அணைக்கிறேன்.” சிரித்தான்.

“சூடம் தீந்துபோச்சு. போலீஸ் வருது, உட்காரு.”

கடப்பாரை என் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கேட்டுத் தாழை முடுக்க எடுத்த ஸ்பேனர் மறு கையில் இருந்தது. அவன் முழங்காலில் போட்டேன். விழுந்த பிறகும் போட்டேன். அவன் வாயில் ரத்தம் நுரைத்தது. பொறுப்பாளர் என்னை இழுத்திருக்காவிட்டால் நிறுத்தியிருக்க மாட்டேன். போலீஸ் வந்து அவனைத் தூக்கிப்போனது. அடித்ததற்காக இன்றுவரை வருந்தவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இல்லத்துக்கு வந்து, ஜன்னலில் நின்று பார்த்த தொட்டியத்துப் பெண் அவனிடம் திரும்பிப் போகவில்லை. இன்று என் பட்டறையில், மிச்சமுள்ள விரல்களோடு, உதிரிபாகங்களுக்கு அளவு பார்க்கிறாள். அளவு பிசகென்று அவள் தள்ளினால் தள்ளியதுதான்.

இப்போது போவதா இருப்பதா என்று பெண்களே முடிவு செய்கிறார்கள். போகிறவள் சனிக்கிழமைதோறும் போன் செய்ய வேண்டும். ஒரு சனி தவறினால் ஞாயிறு நாங்கள் அவள் வாசலில் நிற்போம். புதிய வில்லைகளில் சிவப்பு அரிதாகிவிட்டது.

இதற்காக இல்லத்துக்கு விருது கொடுத்தார்கள். புதிய அறிக்கையில் ‘வல்லுநர் குழு வகுத்த அளவீட்டு முறை’ என்று போட்டிருக்கிறது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்கொடையாளர்களோடு.

அடுத்த அச்சில் திருத்துங்கள். வில்லை வெட்டியவன் நான். திரும்பி வந்தவர்களை எண்ணச் சொன்னவன் நான். சூடத்தை நம்பி அவர்களை அனுப்பிவைத்தவனும் நான்தான், அந்த மாலை போட்ட படத்துக்காரி உட்பட. இரண்டுக்கும் கீழே என் பெயரைப் போடுங்கள்.