"நீ" என்று கூப்பிட ஆளில்லை

ரெனெட்டா கேட்ஸ்டன் பிரின்சிபல் ஆன வாரம், ஞாயிறு ஆராதனையில் சபையே எழுந்து நின்று கைதட்டியது. எடிஸ்டோ ஆற்றோரத்து அந்தச் சிற்றூரில், படித்த பள்ளிக்கே தலைவியாக வந்த முதல் பெண் அவள். கைதட்டியவர்களிலேயே பலமாகத் தட்டியது பாடகர் குழுவில் அவளுக்குப் பக்கத்தில் நின்ற ஷார்லீன் மேக்.

இருவரும் ஒன்றாக ஆசிரியர் ஆனவர்கள். வாத்தியார் வேலைக்குப் போக ஆசைப்படும் கடைசி வருடப் பிள்ளைகளுக்கென்று அந்தப் பள்ளியில் ஒரு வகுப்பு உண்டு. வகுப்பில் பாதி நாள் படிப்பு, பாதி நாள் எதிரே இருக்கும் சின்னப் பள்ளியில் போய்ப் பாடம் நடத்த வேண்டும். முதல் நாள் கதைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ரெனெட்டா வாயடைத்து நின்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஷார்லீன் வாத்து போலக் கத்தினாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்ததில் ரெனெட்டாவுக்குக் குரல் வந்துவிட்டது.

அப்புறம் ஒரே கல்லூரி, பிறகு அதே பள்ளியில் வேலை, பக்கத்துப் பக்கத்து வகுப்பறை. கல்யாணம் முறிந்து ரெனெட்டா தனியாளானபோது ஷார்லீன் வீட்டு மேசையில் அவளுக்கும் ஒரு தட்டு விழுந்தது. அந்த ஆசிரியர் வகுப்பை ரெனெட்டா நடத்தினாள். அவள் பதவி உயர்ந்து போனதும் ஷார்லீன் எடுத்துக்கொண்டாள்.

பிரின்சிபல் ஆன பிறகு ஆசிரியர் ஓய்வறைக்குள் அவள் நுழைந்தாலே பேச்சு நின்றது. ஷார்லீன் மட்டும் மாறவில்லை. "ஏய் நெட்டா, வாசல்ல நின்னு என்னடி பாக்குற? வந்து உக்காரு. இவங்க எல்லாரும் உன்னத்தான் திட்டிக்கிட்டு இருந்தாங்க" என்பாள்.

இரண்டாம் வருடம் மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. பிள்ளைகள் குறைந்த வகுப்புகளை மூட வேண்டும். ஆசிரியர் வகுப்பில் சேர ஆறே பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். ரெனெட்டா ஒரு கூட்டத்தில் வாதாடிப் பார்த்தாள். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இங்கிலீஷ் பாடத்துக்கு ஆள் இல்லை. ஷார்லீன் அங்கே தேவைப்பட்டாள்.

அதை ஷார்லீன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். ஆனால் முறைப்படி அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னாள்.

ஷார்லீன் நின்றுகொண்டே கேட்டாள். "அந்த வகுப்புலேருந்துதானே நீயும் வந்த?"

"எனக்கும் மேல இருக்காங்க, ஷார்லீன்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா அந்த ஆறு பேரோட அம்மா அப்பாவக் கூட்டிக்கிட்டுப் போய் மாவட்ட ஆபீஸ் வாசல்ல உக்காந்திருப்பேன்ல?"

ரெனெட்டா மேசை மேலிருந்த உத்தரவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"சரிங்க, மிஸ் கேட்ஸ்டன். நீங்க சொன்னா சரி."

அந்தக் கோடையில் ஷார்லீன் மாநிலத் தலைநகரான கொலம்பியாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். ரெனெட்டாவுக்கு அது பாடகர் குழுவில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

பள்ளி திறந்ததும், முதல் மணி அடிப்பதற்கு முன்னால் அந்த வகுப்பைத் தானே நடத்தப் போவதாக அறிவித்தாள். மாவட்டக் கணக்கில் அது சேராது. நான்கு பேர் தூக்கக் கண்ணோடு வந்தார்கள். அதில் டெஸ்டினி ஃப்ரேசியர் கெட்டிக்காரி. சின்னப் பள்ளிப் பெற்றோருக்கு அவர்கள் ஒரு சாயங்காலம் நடத்தவிருந்த கதை வாசிப்புக்கு அவளையே பொறுப்பாகப் போட்டாள் ரெனெட்டா.

"எனக்கு வேணாம் மேம்" என்றாள் டெஸ்டினி. "நேத்து நாற்காலி போடுங்கன்னு சொன்னேன். அதுக்கே 'பெரிய மனுஷி வந்துட்டா'ன்னு மூணு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. வேல முடிஞ்சா திரும்பப் பேசுவாங்களா?"

பேசுவார்கள் என்று சொல்ல ரெனெட்டா வாயெடுத்தாள், வரவில்லை. "சில பேர் பேசுவாங்க. சில பேர் பேச மாட்டாங்கம்மா."

"அப்புறம் என்ன பண்றது?"

"எனக்கும் தெரியல."

டெஸ்டினி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எத்தன நாற்காலி போடணும்?" என்றாள்.

கதை வாசிப்புக்குக் கூட்டம் நன்றாகவே வந்தது. அந்த மகிழ்ச்சியில் ரெனெட்டா ஷார்லீனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பலர் சிரிக்கும் சத்தம். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கோங்க. அப்புறம் கூப்பிடுறேன்" என்றாள் ஷார்லீன். கூப்பிடவில்லை.

ஆனால் மகன் கல்யாணத்துக்கு அழைப்பு அனுப்பியிருந்தாள். ரெனெட்டா புதுத் தொப்பி வாங்கிக்கொண்டு கொலம்பியாவுக்குப் போனாள். மாப்பிள்ளைக்குச் சின்ன வயதில் எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். ஷார்லீன் அவளை அணைத்துக்கொண்டாள். பிறகு சம்பந்தி அம்மாவிடம் திரும்பி, "இவங்க எங்க பழைய பிரின்சிபல். ரொம்ப நல்லவங்க" என்றாள்.

ரெனெட்டா சிரித்துத் தலையாட்டினாள். கேக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நடனம் தொடங்கியதும் மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். பைன் மரங்களுக்கு நடுவே நீண்ட சாலையில், தொப்பியைக் கழற்றாமலேயே காரை ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

அந்த வகுப்பு இன்னும் நடக்கிறது. இந்த வருடம் ஏழு பேர்.